பிழையின் மௌனம்

கண் ஒரு வேளையில் ஒரு திரையையே நோக்கும்; காதோ எப்பக்கத்து ஓசையையும் ஏற்கும். இவ்வெளிய உண்மையை ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர் பலர் பொருட்படுத்தாதிருப்பது விந்தையே.

இன்றைய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பெரும்பாலும் எழுதப்பட்டவாறே உலாவியைச் சென்றடைவதில்லை. வெப்பாக், ரைப்ஸ்கிரிப்ட் முதலிய கருவிகள் அதனை மாற்றியும் கோத்தும் தருகின்றன. கோப்பினைச் சேமிக்குந்தோறும் இக்கட்டமைப்புப் பணி பின்னணியில் தானே நிகழுமாறு அமைப்பது வழக்கம். அங்கு பிழை நேரின் அச்செய்தி முனையச் சாளரத்தில் தோன்றும். அச்சாளரமோ பிற சாளரங்களின் பின்னே மறைந்து கிடக்கும். உலாவி பழைய நிரலையே காட்டிக்கொண்டிருக்க, நிரலாளர் தமது திருத்தம் பயனற்றதென மயங்கிப் பிழையற்ற வரிகளையும் மாற்றி எழுதத் தலைப்படுவார். பிழையினும் கொடியது பிழையின் மௌனம்.

இதற்கான மருந்து புதியதன்று. தொலையச்சு இயந்திரத்தில் மறுமுனையிலிருப்பவரை அழைப்பதற்கு மணி இருந்தது. 1963 இல் வெளியான அஸ்கி குறிமுறையிலும் 7ஆம் இலக்கம் அம்மணிக்கே ஒதுக்கப்பட்டது. கட்டமைப்புத் தோல்வியுறும்போது அவ்வொரு குறியை முனையத்துக்கு அனுப்பினால், ஒலி நிறுத்தப்பட்டிராதவிடத்து, இன்றும் மணி ஒலிக்கும்.

ஓசை சிந்தனையைக் குலைக்கும் என்பர் சிலர். பழைய நிரலை நம்பி வீணாகும் பொழுது சிந்தனையை வளர்க்கின்றதா? பிழையை உலாவியின் மீதே காட்டும் கருவிகள் உளவே என்பர் வேறு சிலர். உண்மை. ஆயின் உலாவியே வேண்டாத வழங்கி நிரலுக்கு அவை எவ்வாறு உதவும்?

எனினும், எதற்கெடுத்தாலும் ஒலிக்கும் மணி மணியன்று, இரைச்சல். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுமின் நிலைய விபத்தின் முதற் சில நிமிடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் எழுந்தன. முதன்மையானதை ஏனையவற்றிலிருந்து பிரித்தறிய இயக்குநர்க்கு வழியிருக்கவில்லை. வெற்றிக்கும் ஓசை, சிறு எச்சரிக்கைக்கும் ஓசை என அமைப்போர் அத்தவற்றையே சிறிய அளவிற் செய்கின்றனர். அவர்தம் மணியை அயலவர் வெறுப்பதில் வியப்பில்லை.

ஆகவே, சீராயிருந்த கட்டமைப்பு முறியும் கணத்தில் ஒருமுறை மட்டும் மணி ஒலிக்கட்டும். செவிப்புலன் குன்றியோர்க்குத் திரையிலும் அறிவித்தல் தோன்றட்டும். தன் தோல்வியை உரைக்காத கருவி அமைதியான கருவியன்று, பொய்யுரைக்கும் கருவி.