கல்வெட்டில் ஒரு வரி

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமாகி முப்பத்தோராம் நாள் வரும்போது அவர் பெயரால் ஒரு சிறு நூல் அச்சாகி வருகிறது. கல்வெட்டு என்றும் நினைவுமலர் என்றும் அதனை வழங்குவர். முகப்பில் அமரரின் படம். உள்ளே விநாயகர் வணக்கம், பஞ்சபுராணம், வம்சாவளி, மக்களும் மருமக்களும் வாழும் நாடுகளின் பெயர்கள். வாழ்க்கை வரலாறு எனப்படும் பகுதி பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கங்களுள் அடங்கிவிடும். பிறந்த ஊர், கற்ற கல்லூரி, மணஞ்செய்த குடும்பம், திருப்பணி செய்த ஆலயம் யாவும் அங்கே உண்டு. முப்பது ஆண்டு செய்த தொழிலுக்கோ ஒரேயொரு வரி: காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையிற் பராமரிப்புப் பொறியியலாளராகக் கடமையாற்றி இளைப்பாறினார். அவ்வளவே. அந்தியேட்டிக் கிரியையின்பொருட்டு உறவினர் கீரிமலைக்குச் செல்கின்றனர். அங்கிருந்து சில கட்டை தூரத்திலேயே அத்தொழிற்சாலையின் எச்சங்கள் நிற்கின்றன. அதனை இயக்கிய அறிவு சாம்பலோடு கடலிற் கரைந்து போகிறது.

இந்த ஒரு வரி போதாது. இளைப்பாறிய பராமரிப்புப் பொறியியலாளரும் பிற்றர்களும் மின்வினைஞரும் தம் தொழில் வாழ்வைத் தாமே எழுதவேண்டும். எழுத இயலாதார் சொல்ல, இளையோர் எழுதவேண்டும். இக்கோரிக்கையைக் கேட்டதும் புன்னகை செய்வோர் பலர். கவிஞன் தன் வரலாறு எழுதலாம், அரசியல்வாதி எழுதலாம், அதிபர் எழுதலாம். கிறீஸ் படிந்த கையனுக்கு என்ன வரலாறு என்பது அப்புன்னகையின் பொருள்.

அவனுக்கு என்ன வரலாறு என்பதைப் பார்ப்போம். காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950 இல் தொடங்கியது, ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலம் அது. சுண்ணக்கல் அவ்விடத்து நிலத்தடியிலேயே கிடைத்தது. களிமண் முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. இரண்டையும் அரைத்துச் சுழலுலைக்குள் விட்டால், ஏறத்தாழ 1,450 பாகை செல்சியசில் அவை கூடி உருகுநிலையை அண்மிக் கிளிங்கர் எனும் உருண்டைகளாகின்றன. கிளிங்கரோடு சிறிதளவு ஜிப்சம் சேர்த்து மீண்டும் அரைப்பதே சீமெந்து. பாடநூல் இவ்வளவோடு நின்றுவிடும். சுழலுலையை மூட்டுவதிலும் அதனை நிற்கவிடாமற் காப்பதே பெரிய காரியம் என்பது உலையருகே நின்றவனுக்கே தெரியும். நெருப்புக் கல் உள்வரியிட்ட அந்த நீண்ட இரும்பு உருளை, சூடாயிருக்கும்போது அசையாது நின்றால் தன் பாரத்தாலேயே வளைந்துவிடும். ஆகையால் மின்சாரம் அறுந்த கணத்திலேயே துணை இயந்திரத்தைப் பூட்டி அதனை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். உள்வரிக் கல் ஒன்று விழுந்தாற் புறத்தகடு செந்நிறங் காட்டும். இரும்புக் கம்பியின் ஒரு முனையைப் பெயாரிங் உறையில் ஊன்றி, மறுமுனையைக் காதோடு வைத்து, அதன் நோயைக் கேட்டறிந்தனர் அக்காலப் பராமரிப்பாளர். நாடி பிடித்த வைத்தியனைப் புகழும் சமூகம், இரும்பின் நாடியைக் கேட்டவனை மறந்தது வியப்பே.

கைத்தொழிலகங்களின் திறப்புக் கற்களிற் பொறிக்கப்படும் பெயர்கள் யாருடையவை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கட்டியவர் பெயர்கூடச் சிலவேளை இருக்கும். கட்டியதை நாற்பது ஆண்டு ஓடச் செய்தவர் பெயருக்குக் கல் இல்லை. யாழ்ப்பாணத்துக் கலியாணச் சந்தையிற் பொறியியலாளர் என்ற பட்டத்துக்கு விலை உண்டு; அவர் நாளெல்லாம் என்ன செய்தார் என்று மாமனாரும் கேட்டதில்லை, மகனும் கேட்டதில்லை.

இயந்திரத்தோடு வரும் கைந்நூலில் எல்லாம் இருக்கிறதே, மனிதர் எழுத என்ன மிச்சம் என்று கேட்போர் உளர். யூலியன் ஓர் எனும் அமெரிக்க மானிடவியலாளர் நிழற்படப் பிரதி இயந்திரங்களைத் திருத்தும் வினைஞரோடு திரிந்து ஆராய்ந்து, 1996 இல் ஒரு நூல் வெளியிட்டார். நிறுவனம் கொடுத்த கைந்நூல் சொல்லாத கோளாறுகளை அவ்வினைஞர் எவ்வாறு தீர்த்தனர்? சாப்பாட்டு மேசையில் ஒருவர்க்கொருவர் சொல்லிய கதைகளால். இன்ன இடத்தில் இன்ன இயந்திரம் இப்படிப் படுத்தது, இறுதியிற் காரணம் இதுவாயிற்று என்னும் கதைகளே அவர்தம் அறிவின் களஞ்சியம் என்று ஓர் காட்டினார். காங்கேசன்துறைப் பட்டறையிலும், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையிலும், சுன்னாக மின்நிலையத்திலும் அத்தகைய கதைகள் பேசப்படாதிருந்திருக்க முடியாது. பரந்தனிற் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த இடத்தில் எந்தக் குழாய் முதலில் அரித்தது, எதைக்கொண்டு அடைத்தனர் என்பதைக் கைந்நூல் சொல்லாது.

இன்னொரு சாரார் இலக்கியத்தின் பெயரால் மறுக்கின்றனர். இளைப்பாறியோர் எழுதுவது சுயபுராணமாய் முடியும் என்பர். இங்கே ஈழத்து விமர்சனத்தின் மீதும் ஒரு குற்றச்சாட்டை வைத்தல் தகும். உழைப்பிலிருந்தே கலை பிறந்தது என்று முற்போக்கு அணியினர் 1950களிலிருந்து ஓயாது எழுதினர். அதனால் விளைந்த நன்மை பெரிது. டானியலின் ‘பஞ்சமர்’ அவ்வழி வந்ததே. ஆயினும் தொழிலாளி கூலி கேட்டபோதும் அடி வாங்கியபோதும் கதைக்குள் வந்தான். கருவியைக் கையில் எடுத்த மறுகணம் கதையை விட்டு வெளியே போனான். அவன் வேலை செய்யும் அந்த எட்டு மணிநேரம் எழுத்தாளனுக்கு இருட்டு. இத்தாலியரான பிரீமோ லேவி வண்ணப்பூச்சுத் தொழிற்சாலையில் நெடுங்காலம் இரசாயனவியலாளராயிருந்தவர். பாரந்தூக்கிகளும் பாலங்களும் பொருத்தும் ஒரு தொழிலாளியின் வேலைக் கதைகளை மட்டுமே வைத்து 1978 இல் ஒரு நாவல் எழுதினார். அடுத்த ஆண்டு அந்நாட்டின் உயரிய இலக்கியப் பரிசொன்று அதற்குக் கிடைத்தது. இவ்வளவு தூரம் போவானேன்? டொமினிக் ஜீவா முடிதிருத்தகத்தில் இருந்துகொண்டே 1966 இல் ‘மல்லிகை’யைத் தொடங்கினார், தன் வாழ்வையும் எழுதினார். அது சுயபுராணம் என்று ஒதுக்கத் துணிபவர் முன்வரட்டும்.

தமிழிற் சொல் இல்லை என்ற சாட்டும் உண்டு. இது பெரும்பாலும் பொறியியலாளரிடமிருந்தே வருகிறது. அவர் ஆங்கிலத்திற் கற்றார். நாட்குறிப்பையும் ஆங்கிலத்தில் எழுதினார். ஆனால் நள்ளிரவில் உலை நின்றபோது பிற்றரோடு எந்த மொழியிற் பேசினார்? வைத்தியர் கிறீன் 1848 முதல் மானிப்பாயில் இருந்து, தமிழிலேயே மாணவருக்கு மேலைமருத்துவம் கற்பித்து, பெரு நூல்களைத் தமிழாக்கினார். ஓர் அமெரிக்கருக்கு அன்று இயன்றது, இணுவிலிலும் அளவெட்டியிலும் பிறந்தவருக்கு இன்று இயலாதென்பது நாணத்தக்க வாதம். கலைச்சொற் குழு கூடி முடியும்வரை காத்திருக்கவும் வேண்டா. பெயாரிங் என்றே எழுதட்டும். பட்டறையில் வழங்கிய சொல் எதுவோ அதுவே சொல்.

தொழிற்சாலை 1990 இல் போரினால் நின்றது. அதே ஆண்டு யூனில் யாழ்தேவியும் நின்றது. மீண்டும் அது யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்டோபரில். இடைப்பட்ட காலத்துப் பொருளாதாரத் தடையின்போது குடாநாடு முழுவதுமே ஒரு பராமரிப்புப் பட்டறையாயிற்று. பெற்றோல் இன்மையால் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேற்றரிற் சில துளி பெற்றோலை விட்டு உதைத்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி மிதித்து, டைனமோவில் றேடியோ கேட்டனர். ஜாம் போத்தலிற் பஞ்சும் திரியும் இட்ட சிக்கன விளக்கில் ஒரு தலைமுறை படித்துப் பரீட்சை எழுதியது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வைப் பாடிய கவிதைகள் பலவுண்டு. அம்மண்ணெண்ணெய் ஓட்டத்தால் வால்வும் பிளக்கும் என்னவாயின, அவற்றை யார் எவ்வாறு மீட்டனர் என்று எழுதியவர் எத்தனை பேர்?

கற்குழிகளும் சீமெந்துத் தூசியும் ஊரைக் கெடுத்தன, அத்தொழிற்சாலைக்குப் புகழ்மாலை எதற்கு என்பாரின் வாதமே இவற்றுள் வலியது. அதனாலேயே எழுதவேண்டும். அகழ்வு எவ்வளவு ஆழம் போயிற்று, தூசி வடிகட்டி எந்நாட்களில் வேலை செய்யாதிருந்தது, அதனை நிறுத்தச் சொன்னது யார் என்பன பராமரிப்பாளனுக்குத் தெரிந்த அளவுக்கு வேறெவருக்கும் தெரியா. எந்தச் சாதியார் எந்தப் பகுதியில் வேலைக்கு அமர்த்தப்பட்டனர், பொறியியலாளரின் கதிரைக்கும் உதவியாளனின் வாங்குக்கும் இடையில் என்ன தூரம் இருந்தது என்பனவும் வரவேண்டும். பொறியியலாளர் மாத்திரம் எழுதினால் அவை வாரா. பிற்றரின் வாய்மொழி பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும்.

1990 இல் இருபத்தைந்து வயதினனாயிருந்தவன் இன்று அறுபதை எட்டிவிட்டான். அவனுக்கு வேலை பழக்கியவர்கள் எண்பதைக் கடந்தோர், வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்து ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கொழும்பிலும் சிதறியோர், பலர் இல்லை. தொழிற்சாலையை மீளவும் இயக்கும் பேச்சு 2009 இன் பின் பலமுறை எழுந்தது. காணியும் முதலீடும் அங்கே பேசப்படுகின்றன. இம்முதியோரின் அறிவும் ஒரு சொத்தென்று கேட்பது அரிது. 1981 யூனில் எரிந்த நூலகத்துக்காக ஆண்டுதோறும் அழுவோர், எரிக்காமலே அழிந்துகொண்டிருக்கும் இந்நூலகத்தைத் திரும்பிப் பார்க்கட்டும்.

வசதி இல்லையென்று சொல்வதற்கில்லை. நூலக நிறுவனம் 2005 முதல் ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்தி வருகிறது. கல்வெட்டுகளும் அங்கே சேர்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது, கலைப்பீடம் திருநெல்வேலியில் இருக்கிறது. ஒரு பொறியியல் மாணவனும் ஒரு தமிழ் மாணவியும் சேர்ந்து, ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு ஏதேனுமொரு விறாந்தையிற் போய் அமரட்டும். வாழ்வின் தத்துவத்தைக் கேட்டு முதியவரை மருட்டவேண்டா. இரவுச் சிப்பில் மின்சாரம் போனால் முதலில் எங்கே ஓடினீர்கள், ஐயா, என்று கேட்டுவிட்டு, குறுக்கிடாமல் இருந்தாற் போதும்.