கச்சான் கடைக்குப் பக்கத்தில் ஒரு படக்கடை

போன வருசம் ஒரு கோயில் திருவிழாவில், கச்சான் கடைக்கும் காப்புக்கடைக்கும் நடுவில் நாங்கள் மூன்று பேர் ஒரு மேசை போட்டோம். அது சித்தப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசை. மேலே அம்மாவின் பழைய சீலை. பின்னால் இரண்டு தடி நட்டு, கயிறு கட்டி, உடுப்புக் காயப்போடுற கிளிப்பில் பதினெட்டுப் படங்கள். எல்லாம் நாங்களே கீறியவை. நான் கலைப்பீடம், மற்ற இரண்டு பேரும் மருதனார்மடத்தில் சித்திரம் படிக்கிற பிள்ளைகள்.

முதல் நாள் பின்னேரம் சனம் வந்து வந்து பார்த்தது. ஒருத்தரும் விலை கேட்கவில்லை. ஒரு அம்மா மட்டும் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னா: "நல்ல வடிவாயிருக்கு பிள்ளை. என்ர மகளுக்கும் ஒண்டு சும்மா கீறித் தருவீங்களோ?"

அவவின் கையில் மூன்று ஐஸ்கிரீம் இருந்தது. ஐஸ்கிரீம் வானில் போய் "சும்மா ஒண்டு தாங்கோ" என்று அவ கேட்டிருக்கமாட்டா. எங்களிடம் கேட்டா. அண்டைக்கு எனக்குக் கோபம் வந்தது. இப்ப யோசித்தால் அவவில் பிழை இல்லை என்றுதான் படுகுது. படம் என்பது விலையுள்ள ஒரு சாமான் என்று இந்த ஊரில் அவவுக்கு ஆர் எப்போது காட்டினது?

யாழ்ப்பாணத்தில் படங்களை எங்கே பார்க்கிறோம்? ஒரு மண்டபத்தில். குத்துவிளக்கு, பிரதம விருந்தினர், வரவேற்புரை, தலைமையுரை. பிறகு இரண்டு மூன்று நாள் கண்காட்சி. வாறது ஆர்? எங்கட விரிவுரையாளர்கள், எங்கட பட்ச் பிள்ளைகள், வேறு ஓவியர்கள். சுவரில் தலைப்பு இருக்கும், ஓவியரின் பெயர் இருக்கும், விலை இருக்காது. அந்த அம்மா அந்த மண்டபத்துக்கு வரவே மாட்டா. ஆனால் திருவிழாவுக்கு வருவா. படம் அவவிடம் போகவேண்டுமென்றால் அது வெளியில் வரவேண்டும். அதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வாறது.

கொழும்பில் இது புதுக்கதை இல்லை. 1993 இல் ஜோர்ஜ் கீற் அறக்கட்டளை தொடங்கிய 'கலா பொல' இன்றைக்கும் நடக்குது. 'பொல' என்றால் சிங்களத்தில் சந்தை. கொழும்பு 7 இல், தெருவோரம், மரநிழலில், நாடு முழுக்க இருந்து வருகிற ஓவியர்களும் சிற்பிகளும் தங்கள் வேலைகளை அடுக்கி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருப்பார்கள். ஆரும் வரலாம், கதைக்கலாம், விலை கேட்கலாம். அது நடக்கிற தெருவுக்கு ஆனந்த குமாரசுவாமியின் பெயர். தந்தை வழியில் தமிழரான அந்த மனிசன்தான் 1908 இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிப் பெரிய புத்தகம் எழுதி, கண்டிப் பக்கத்துக் கைவினைஞர்களின் வேலையைக் கலையென்று மதித்துப் பதிவு செய்தவர். கலைஞர் வேறு, கைவினைஞர் வேறு என்று பிரிக்கிறதை அவர் ஏற்கவில்லை. கையால் வேலை செய்கிறவர் வேலை செய்து வாழ்வார், அவ்வளவுதான். நாங்கள் அவரைப் பரீட்சைக்குப் படிக்கிறோம். ஆனால் மேசை போடக் கூச்சப்படுகிறோம்.

எங்கட சனத்துக்கு ரசனை இல்லை என்று சொல்ல வேண்டாம். தைப்பொங்கலண்டு வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கோ. பட்டப் போட்டி பார்க்க ஆயிரக்கணக்கில் சனம் வெயிலில் நிற்கும். ஒரு பட்டத்தை எத்தனை நாள் இருந்து கட்டினது, எத்தனை பேர் தூக்கினது என்றெல்லாம் விசாரிக்கும். கையால் செய்ததின் அருமை எங்கட ஆக்களுக்குத் தெரியும். தெரியாதது, அதைச் செய்தவருக்கும் அரிசி வாங்கக் காசு வேணும் என்பதுதான்.

இதற்கு இரண்டு மறுப்பு வரும். இரண்டையும் நான் நேரே கேட்டிருக்கிறேன்.

முதலாவது வீட்டில் வந்தது. "படிக்க அனுப்பினது தெருவில கடை போடவோ?" என்று அப்பா கேட்டார். அப்பாவைப் பொறுத்தவரை கலைப்பீடத்துக்கு அடுத்தது அரசாங்க வேலை. எங்கட ஊர் ஓவியர்களின் கதையும் பெரும்பாலும் அதுதான். மாற்குவை எல்லாரும் 'மாற்கு மாஸ்டர்' என்றுதான் சொல்லுவினம். பெயரிலேயே சம்பளம் எங்கேயிருந்து வந்தது என்று இருக்கு. படிப்பித்துக்கொண்டே கீறினார்கள். அது பெரிய விசயம்தான். ஆனால் அந்த வழி இப்ப எவ்வளவு அகலம்? 2017 இல் வேலையில்லாப் பட்டதாரிகள் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் இருந்து போராடியதை நாங்கள் பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்த்தோம். அந்த வரிசையில் போய்ச் சேருவதைவிட ஒரு மேசை போடுவதில் என்ன வெட்கம்?

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. "விக்கத் தொடங்கினா நல்லூர்க் கோபுரத்தையும் பனைமரத்தையும்தான் கீறிக்கொண்டிருப்பீங்கள்." உண்மை. எங்கட மேசையிலும் முதலில் விற்றது கோபுரம்தான். லண்டனில் இருந்து லீவில் வந்த ஒரு குடும்பம் பேரம் பேசாமல் வாங்கியது.

ஆனால் மூன்றாம் நாள் நடந்ததையும் சொல்லவேணும். என்ர சிநேகிதி கீறிய ஒரு படம்: சைக்கிள் கரியரில் சூட்கேஸ் கட்டி உருட்டிக்கொண்டு போகிற ஒரு ஆள். 95 ஒக்ரோபர் இடப்பெயர்வு. நாங்கள் ஒருத்தரும் அப்ப பிறக்கவில்லை, கேட்ட கதையை வைத்துத்தான் அவள் கீறினாள். ஒரு வயசானவர் அதற்கு முன்னால் வந்து நின்றார். "கட்டு பிழை பிள்ளை," என்றார். "கயிறு இப்பிடி நிக்காது. நாங்கள் சைக்கிள் ரியூப்பைத்தான் வெட்டிக் கட்டினது. குறுக்கால." கையால் கட்டிக் காட்டினார். பிறகு அவர் எந்த வழியால் போனார், எந்த இடத்தில் சைக்கிளையே விட்டார் என்று அரை மணித்தியாலம் கதைத்தார். படத்தை வாங்கவில்லை. சிநேகிதி அடுத்த கிழமை அதைத் திரும்பக் கீறினாள், ரியூப்போடு.

எந்தக் கண்காட்சி மண்டபத்தில் அந்த மனிசன் வந்து அப்படிச் சொல்லியிருப்பார்? சந்தை எங்களைக் கோபுரம் கீறச் சொல்லும், சரி. அதே சந்தைதான் கட்டுப் பிழை என்றும் சொல்லும்.

இன்னொன்றும் இருக்கு. அந்த இடப்பெயர்வில் எத்தனை வீட்டுச் சுவர்களில் எத்தனை படங்கள் அப்படியே விடப்பட்டன? எல்லாப் படமும் கீறியவரின் அறையிலேயே இருந்தால் ஒரு நாளில் எல்லாம் போய்விடும். பத்து வீட்டில் இருந்தால் ஒன்றாவது ஆரோ ஒருத்தரின் சூட்கேசுக்குள் தப்பும். விற்கிறது என்பது பரப்பி வைக்கிறதும்தான்.

இனிக் கணக்கு. மூன்று பின்னேரத்தில் அட்டை 32 விற்றோம், ஒன்று 150 ரூபா. படம் மூன்று: 1500, 1500, 2000. மொத்தம் 9800. செலவு: அட்டை அச்சடிக்க 2400, கடதாசியும் வர்ணமும் 3100, ஓட்டோ 1200, இடத்துக்கு 2000. மிச்சம் 1100. ஆளுக்கு 366 ரூபா, 2 ரூபா உண்டியலில். இரவிரவாய்க் கீறியதற்குக் கூலி இதில் இல்லை.

அந்த 2000 யைக் கவனியுங்கோ. திருவிழாக் கடை நிலம் கேள்விக்குப் போகும், கூடக் கேட்கிறவருக்குத்தான் கிடைக்கும். மாணவர்களால் ஏலுமோ? காப்புக்கடை அண்ணை தன்ர இடத்தில் ஆறடி விட்டுத் தந்ததால்தான் நாங்கள் நின்றோம். மாநகர சபையும் பிரதேச சபைகளும் ஒரு காரியம் செய்யலாம்: திருவிழாவிலும் சரி, முற்றவெளியில் நடக்கிற கண்காட்சிச் சந்தைகளிலும் சரி, ஐந்தாறு மேசைக்கான இடத்தைக் கேள்விக்கு விடாமல், கையால் செய்து விற்கிற இளம் ஆக்களுக்கு ஒதுக்கலாம். சபைக்கு அதால் பெரிய நட்டம் வராது.

கீறுகிற பிள்ளைகளுக்கு: விலையைப் பெரிதாய் எழுதி ஒட்டுங்கோ. கேட்க வெட்கப்படுகிற சனம் வாசிக்கும். 150 ரூபாச் சாமான் ஒன்று கட்டாயம் வையுங்கோ. படத்தின் கீழ்ப்பக்கமும் கிளிப் போடுங்கோ. சோளகம் அடிக்கிற மாதத்தில்தான் எங்கட பெரிய திருவிழாக்கள், எங்கட இரண்டு படம் கச்சான் சட்டிக்குள் போய் விழுந்தது. சொந்தக்காரருக்கும் அதே விலை சொல்லுங்கோ. இதுதான் எல்லாத்திலும் கஷ்டம்.

வாசிக்கிற உங்களுக்கு: இந்த முறை திருவிழாவில் அப்படி ஒரு மேசையைக் கண்டால் நின்று விலையைக் கேளுங்கோ. பிடித்தால் வாங்குங்கோ, பிடிக்காவிட்டால் ஏன் என்று சொல்லிவிட்டுப் போங்கோ. 'சும்மா' மட்டும் வேண்டாம். சித்தப்பா மேசையைத் திரும்பக் கேட்கிறார். நாங்கள் இன்னும் கொடுக்கவில்லை.