காருக்குள் ‘ஹூம்’ சத்தம்: டயரா, ரோடா, பேரிங்கா? காசு செலவழிக்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

மின்சார கார் என்றால் சத்தமே இருக்காது என்ற நம்பிக்கையில்தான் பலரும் ஷோரூமுக்குப் போகிறார்கள். டெஸ்ட் டிரைவும் ஊருக்குள் 30, 40 கி.மீ. வேகத்தில் முடிந்துவிடுகிறது. வண்டி வீட்டுக்கு வந்து, நெடுஞ்சாலையில் 90-ஐத் தொடும்போதுதான் காலுக்கு அடியிலிருந்து ஒரு ‘ஹூம்’ சத்தம் கிளம்புவது தெரிகிறது. எஞ்சின் சத்தம் மூடி மறைத்துவந்த டயர் சத்தம், எஞ்சினே இல்லாத காரில் அம்பலமாகிவிடுகிறது.

பெட்ரோல், டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. அக்சஸரீஸ் கடையில் கேட்டால், “நாலு கதவுக்கும் ஷீட் ஒட்டிடலாம் சார், சரியாயிடும்” என்பதுதான் முதல் பதில். சரியாகுமா? சில நேரம் ஆகும். சில நேரம் அந்தச் சத்தம் ஓர் எச்சரிக்கை. அதை மூடிவைப்பது ஆபத்தில் முடியலாம். எது எது என்று பார்க்கலாம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

ஓடும் காரில் முக்கியமாக மூன்று சத்தங்கள்: எஞ்சின், டயர், காற்று. மெதுவாகப் போகும்போது எஞ்சின் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். சீரான வேகத்தில் 50 கி.மீ.யைத் தாண்டினால், பெரும்பாலான கார்களில் டயர் சத்தம் முந்திக்கொள்கிறது. 100-ஐ நெருங்கும்போது கண்ணாடி, கதவு ஓரங்களில் உரசும் காற்றின் சத்தமும் சேர்ந்துகொள்கிறது.

டயர் சத்தம் உள்ளே நுழைய இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, அதிர்வு. சாலையின் மேடுபள்ளம் டயரை உலுக்குகிறது. அந்த அதிர்வு ரிம், சஸ்பென்ஷன் வழியாக பாடிக்கு ஏறி, தரைத் தகட்டையும் கதவுத் தகட்டையும் ஸ்பீக்கர் போல அதிர வைக்கிறது. அடிவயிற்றிலிருந்து முனகுவது போன்ற கனமான சத்தம் இது.

இரண்டாவது வழி, காற்று. டயர் பட்டன்கள் தரையில் அறைவதும், பட்டன்களுக்கு இடையே சிக்கிய காற்று பிதுங்கி வெளியேறுவதும் ‘ஷ்ஷ்’ என்ற சத்தத்தை உண்டாக்குகின்றன. கதவு பீடிங், மெல்லிய கண்ணாடி, மட்கார்டு பகுதி வழியாக இது உள்ளே வருகிறது.

இவை போக, டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றே மத்தளம் போல ஒலிக்கும். சுமார் 200 ஹெர்ட்ஸ் அளவில் வரும் இந்த ‘கொய்ங்’ ஒலி, மோசமான ரோட்டில் தெளிவாகக் கேட்கும்.

2022 டயர் விதி என்ன சொல்கிறது?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூன் மாதம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அதன்படி கார், இலகு ரக வாகனம், பஸ், லாரி டயர்கள் மூன்று சோதனைகளில் தேற வேண்டும்: உருளும்போது ஏற்படும் தடை, ஈரச் சாலையில் பிடிமானம், உருளும்போது எழும் சத்தம். ஏஐஎஸ்-142 என்பது இதற்கான தரநிலையின் பெயர். புதிய வடிவமைப்பு டயர்களுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2023-ல் படிப்படியாகவும் அமல் என்று அறிவிக்கப்பட்டது.

அப்படின்னா புது டயர் எல்லாமே அமைதியான டயரா? இங்கேதான் ஒரு நுணுக்கம். இந்தச் சோதனை அளப்பது காருக்கு வெளியே கேட்கும் சத்தத்தை. கார் டயருக்கான சோதனையில், எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிட்டு, ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் அளக்கிறார்கள். கணக்கில் எடுக்கும் வேகம் 80 கி.மீ. சாலையோரம் குடியிருப்பவர்களின் காதுக்காக வந்த விதி இது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு எவ்வளவு கேட்கும் என்பது டயரோடு சஸ்பென்ஷன், பாடி, கண்ணாடி எல்லாம் சேர்ந்து முடிவாகிற விஷயம்.

ஐரோப்பாவில் 2021 மே முதல் அமலில் உள்ள புதிய டயர் லேபிளில் டெசிபல் அளவும், ஏ, பி, சி என்ற தரமும் இருக்கும். அதுவும் வெளிச் சத்தம்தான். அங்கே 185 மி.மீ. வரை அகலமுள்ள சாதாரண கார் டயருக்கு உச்ச வரம்பு 70 டெசிபல். 275 மி.மீ.யைத் தாண்டிய அகல டயருக்கு 74. அகலம் கூடினால் சத்தமும் கூடும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

டெசிபல் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 3 டெசிபல் கூடினாலே ஒலி ஆற்றல் இரண்டு மடங்கு. ஆனால், காதுக்கு ‘டபுள் சத்தம்’ என்று தோன்ற சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். “பாதியாகக் குறைத்துத் தருகிறோம்” என்று ஒரு கடை சொன்னால், 10 டெசிபல் குறைப்போம் என்று சொல்கிறது. கார் கதவில் ஷீட் ஒட்டி மட்டும் அதைச் சாதிப்பது எளிதல்ல.

ஒரே டயர், ரெண்டு ரோடு... ஏன் இவ்வளவு வித்தியாசம்?

புதிதாகப் போட்ட வழவழப்பான தார்ச்சாலையில் ஏறியதும் கார் சட்டென அமைதியாவதைக் கவனித்திருக்கலாம். ஜல்லி பெயர்ந்த பழைய தார்ச்சாலையில் அதே டயர் இரைகிறது. கான்கிரீட் சாலையில் இன்னும் மோசம். மழைநீர் வடியவும் பிடிமானத்துக்காகவும் கான்கிரீட்டில் குறுக்குக் கோடுகள் கீறுவார்கள். டயர் அந்தக் கோடுகளில் ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதால் ‘ஹூம்’ என்ற நீண்ட ஊளை கேட்கிறது. இணைப்புகளில் ‘டக் டக்’ வேறு.

டெல்லி அருகே 165 கி.மீ. நீள யமுனா விரைவுச்சாலை, மகாராஷ்டிராவில் 701 கி.மீ. நீள சம்ருத்தி விரைவுச்சாலை இரண்டும் கான்கிரீட் சாலைகள். பெங்களூரு, மும்பை நகரச் சாலைகளும் கான்கிரீட்டுக்கு மாறிவருகின்றன. நீண்ட நாள் உழைக்கும் என்பது அதன் பலம். சத்தம் அதற்கான விலை.

வெளிநாடுகளில் இதற்குச் சாலையிலேயே தீர்வு தேடியிருக்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 2003-ல் ஃபீனிக்ஸ் நகர கான்கிரீட் நெடுஞ்சாலைகள் மீது, பழைய டயர் ரப்பர் கலந்த தார்ப்பூச்சு போடும் திட்டத்தைத் தொடங்கியது. நெதர்லாந்து நெடுஞ்சாலைகளில் பெரும்பகுதி நுண்துளைகள் உள்ள தார்ச்சாலைதான். டயருக்கு அடியில் சிக்கும் காற்று அந்தத் துளைகளுக்குள் இறங்கிவிடுவதால் இரைச்சல் குறைகிறது.

எந்தச் சத்தம் ஆபத்து?

இதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். எளிய அடையாளங்கள் இவை:

• சாலை மாறும்போது சத்தமும் மாறுகிறதா? தார் ரோட்டில் குறைந்து, கான்கிரீட்டில் கூடினால் பெரும்பாலும் அது வழக்கமான டயர் சத்தம்.

• எந்த ரோட்டிலும் ஒரே மாதிரி உறுமுகிறதா? வேகத்தோடு கூடுகிறதா? நெடுஞ்சாலையின் நீண்ட வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது அதிகமாகி, மறுபக்கம் திரும்பும்போது குறைகிறதா? வீல் பேரிங் மீது சந்தேகப்பட வேண்டும். பேரிங் முற்றிலும் கெட்டுப்போனால் சக்கரமே ஆட்டம் காணும்.

• ‘வவ்... வவ்...’ என்று அலை அலையாகக் கேட்கிறதா? டயரைக் கையால் தடவிப் பார்க்கலாம். ஒரு திசையில் வழவழப்பாகவும், எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் இருந்தால் டயர் ஏறுக்குமாறாகத் தேய்ந்திருக்கிறது. அலைன்மென்ட் அல்லது ஷாக் அப்சார்பரில் கோளாறு இருக்கலாம்.

• ஸ்டியரிங் நடுக்கத்தோடு ‘தட் தட்’ என்ற சத்தம் திடீரென ஆரம்பித்தால் வண்டியை ஓரங்கட்டிப் பார்ப்பதே நல்லது. டயரின் பக்கவாட்டில் புடைப்பு இருந்தால் அந்த டயரில் பயணத்தைத் தொடரக் கூடாது. ஸ்டெப்னியை மாட்டிவிட வேண்டியதுதான்.

பேரிங் உறுமும் காரில் ஷீட் ஒட்டினால் என்ன ஆகும்? உறுமல் குறைவாகக் கேட்கும். பேரிங் மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். காசு கொடுத்து எச்சரிக்கை மணியை அணைப்பது போன்ற வேலை அது.

பெரிய செலவில்லாமல் என்ன பண்ணலாம்?

முதலில் காற்று. ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் எத்தனை பிஎஸ்ஐ என்று இருக்கும். அதைவிட அதிகம் அடித்தால் டயர் கல் போல இறுகி, ஒவ்வொரு குழியையும் உள்ளே கடத்தும். குறைவாக இருந்தால் ஓரங்கள் தேயும், டயர் சூடேறும், வெடிக்கும் அபாயமும் கூடும். சத்தம் குறையட்டும் என்று காற்றைக் குறைத்து ஓட்டுவது மிகத் தவறு. டயர் ஆறியிருக்கும்போது அளப்பதுதான் சரியான அளவு.

அடுத்து டயர் ரொடேஷன். சுமார் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன் டயரைப் பின்னாலும், பின் டயரை முன்னாலும் மாற்றினால் சீராகத் தேயும். கூடவே அலைன்மென்ட், பேலன்சிங்.

மூன்றாவது, கதவு பீடிங். ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்க்கலாம். இறுக்கமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால், அந்த இடத்தில் ரப்பர் தளர்ந்திருக்கிறது. பீடிங்கை மாற்றுவது, கதவு முழுக்க ஷீட் ஒட்டுவதைவிடச் சின்ன வேலை.

நான்காவது, டிக்கி. ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் ஆடிக்கொண்டிருந்தால் அதுவும் ‘ரோடு சத்தம்’ போலவே கேட்கும்.

டயர் மாற்றும் நேரம் வந்துவிட்டதா?

ரப்பர் பழசாக ஆக இறுகும். வெயிலில் நிற்கும் வண்டிக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இறுகிய டயர் அதிகம் இரையும், மழையில் பிடிமானமும் குறையும். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பார்த்தால் வயது தெரியும். 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் ஆழம் 1.6 மி.மீ. அடையாளக் கோட்டைத் தொட்டுவிட்டால் சத்தத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், மாற்றியாக வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 5,000 ரூபாய் விலையுள்ள டயர் முன்பு 6,400 ரூபாய். அதே அடிப்படை விலையில் இப்போது 5,900. நான்கு டயருக்கு 2,000 ரூபாய் மிச்சம்.

வாங்கும்போது மூன்று விஷயங்கள் முக்கியம். ஒன்று, கார் கம்பெனி சொன்ன அளவை விட்டு விலகாமல் இருப்பது. பெரிய அலாய் வீல், அகல டயர் பார்க்க கெத்தாக இருக்கும். ஆனால், பக்கவாட்டு ரப்பரின் உயரம் குறைவதால் அதிர்வைத் தாங்கும் மெத்தையும் குறைகிறது. இரண்டு, பட்டன் வடிவம். கரடுமுரடான பெரிய பட்டன்கள் உள்ள டயர் மண் ரோட்டுக்கானது, நெடுஞ்சாலையில் இரையும். நெடுஞ்சாலை டயர்களில் பட்டன்களை வெவ்வேறு நீளத்தில் அமைப்பது, ஒரே சுருதியில் ஊளை வராமல் இருக்கத்தான். மூன்று, அமைதிக்காக ஈரச் சாலைப் பிடிமானத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் பிரேக் போடும்போது காப்பாற்றுவது அந்தப் பிடிமானம்தான்.

உள்ளே ஃபோம் ஒட்டிய டயர்களும் சந்தையில் உண்டு. டயருக்குள் அடைபட்ட காற்றின் ‘கொய்ங்’ ஒலியை அவை நன்றாகக் குறைக்கும். விலை அதிகம். பஞ்சர் ஒட்டும்போது அந்த இடத்து ஃபோமை அகற்ற வேண்டியிருக்கும் என்பதால் எல்லாப் பஞ்சர் கடையிலும் வேலை நடக்காது.

சரி, டேம்பிங் ஷீட் ஒட்டலாமா?

டயர், பேரிங், காற்று, பீடிங் எல்லாம் சரி. இன்னும் சத்தம் இருக்கிறது என்றால் ஒட்டலாம். விலை குறைந்த கார்களில் தகடு மெல்லியதாக இருப்பதால் பலன் தெரியும். கவனிக்க வேண்டியவை:

• டயர் சத்தத்துக்குத் தரையும், சக்கரத்துக்கு மேலுள்ள பகுதியும்தான் முதலில். கதவு அதற்குப் பிறகு.

• தகடு முழுக்க ஒட்டத் தேவையில்லை. அதிரும் நடுப்பகுதியில் கால் பங்கிலிருந்து பாதி வரை ஒட்டினாலே அதிர்வு அடங்கும். 2 மி.மீ. ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 3 கிலோ. கார் முழுக்க ஒட்டினால் எடை ஏறி மைலேஜ் குறையும்.

• பியூட்டைல் ரப்பர் ஷீட்தானா என்று கேட்டு வாங்க வேண்டும். மலிவான தார் ஷீட் வெயிலில் இளகி நாற்றமடிக்கும்.

• கதவின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகளை அடைக்கக் கூடாது. அடைத்தால் மழைநீர் தேங்கித் துருப்பிடிக்கும்.

• பக்கவாட்டு ஏர்பேக் உள்ள காரில் மேற்கூரை ஓரம், தூண் பகுதிகளில் எதையும் திணிக்கக் கூடாது. வயரிங்கை வெட்டினால் வாரன்டிக்கும் சிக்கல் வரலாம்.

பலனை அளக்க மொபைலே போதும். ஒலி அளக்கும் ஆப்பை உடன் வருபவர் கையில் கொடுத்து, அதே ரோடு, அதே வேகம், ஏசி அதே அளவு என்று ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்க்கலாம். மொபைல் காட்டும் எண் துல்லியமாக இருக்காது. ஆனால், எவ்வளவு குறைந்தது என்பது தெரிந்துவிடும்.

சத்தத்தைச் சத்தத்தால் அடக்க முடியுமா?

முடியும். சத்தத்துக்கு நேர் எதிரான ஒலி அலையை ஸ்பீக்கர் வழியாக விட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடக்கிக்கொள்ளும். ஹூண்டாய் நிறுவனம் சாலைச் சத்தத்துக்கான இந்தத் தொழில்நுட்பத்தை 2019 நவம்பரில் அறிவித்தது. சென்சார் அதிர்வைப் படித்து, 0.002 விநாடியில் எதிர் ஒலியைக் கணக்கிட்டு, சுமார் 3 டெசிபல் குறைப்பதாக அந்நிறுவனம் சொன்னது. கனமான முனகல் சத்தத்துக்குத்தான் இது நன்றாக வேலை செய்யும்.

முழு அமைதியும் நல்லதல்ல

தொடர்ந்து கேட்கும் இரைச்சல் நீண்ட பயணத்தில் ஓட்டுநரைக் களைப்படையச் செய்கிறது. அதைக் குறைப்பது பாதுகாப்புக்கும் நல்லது. ஆனால், ஆம்புலன்ஸ் சைரன் கேட்காத அளவுக்கு உள்ளே அமைதி, அதற்கு மேல் பாட்டுச் சத்தம் என்றால் சிக்கல். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம்.

சத்தம் முழுக்க எதிரி அல்ல என்பதை அரசும் உணர்ந்திருக்கிறது. சத்தமில்லாமல் வரும் மின்சார கார் பாதசாரிக்கு ஆபத்து என்பதால், மெதுவாகப் போகும்போது எச்சரிக்கை ஒலி எழுப்பும் கருவியைக் கட்டாயமாக்கும் வரைவு அறிவிப்பு 2025 செப்டம்பரில் வெளியானது. புதிய மாடல்களுக்கு 2026 அக்டோபர் 1, ஏற்கெனவே உள்ள மாடல்களுக்கு 2027 அக்டோபர் 1 என்று அந்த வரைவு தேதி குறித்தது.

ஆக, வரிசை முக்கியம். முதலில் சத்தம் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். பிறகு காற்று, அலைன்மென்ட், பேரிங், பீடிங். அடுத்து, காலம் வரும்போது நல்ல டயர். ஷீட் கடைசி. இந்த வரிசையில் போனால், பல கார்களுக்குக் கடைசிப் படி தேவைப்படாமலே போகலாம்.