நாற்காலியைக் கொடுத்தார், சாவியை?

2012 அக்டோபர் 7 அன்று ஜப்பானின் சுசூகா ஓடுதளத்தில் சாபர் அணியின் காமுய் கோபயாஷி மூன்றாவதாக வந்து, சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் வெற்றி மேடை ஏறினார். நான்கே நாளில் அந்த அணியைத் தொடங்கிய பீட்டர் சாபர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். அவருடைய 69ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அந்த இடத்துக்கு வந்தவர் மோனிஷா கால்டன்போர்ன். டேராடூனில் பிறந்து, எட்டு வயதில் பெற்றோருடன் வியன்னாவில் குடியேறி, சட்டம் படித்தவர். பார்முலா 1 அணி ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர்தான். அந்த மாதக் கடைசியில் நொய்டாவை அடுத்த புத்தா ஓடுதளத்தில் இந்திய கிராண்ட் பிரீயும் நடந்தது. நம் ஊர்க்காரப் பெண் என்ற பெருமிதத்துக்கு அதைவிடப் பொருத்தமான நேரம் வாய்த்திருக்காது.

அந்த அணி அடுத்து மேடை ஏறியது 2025 ஜூலையில், சில்வர்ஸ்டோனில். நடுவில் கிட்டத்தட்ட பதின்மூன்று ஆண்டுகள்.

வாரிசு சரியில்லை என்று ஒரே வரியில் கதையை முடிப்பது சுலபம். ஆனால் பீட்டர் சாபர் ஒப்படைத்த முறையில் குறை காண்பது கடினம். சுவிட்சர்லாந்தில் 1970இல், பெற்றோர் வீட்டு நிலவறையில் தன் முதல் பந்தயக் காரைக் கட்டியவர் அவர். மனைவி கிறிஸ்டியானின் முதலெழுத்தையே கார்களுக்கெல்லாம் பெயராக வைத்தார். 1993இல் பார்முலா 1க்குள் வந்தார். 2005இல் அணியை பி.எம்.டபிள்யூ நிறுவனத்திடம் விற்றார். அவர்கள் 2009இல் கடையைக் கட்டியபோது, ஹின்வில் தொழிற்சாலையின் ஊழியர்களை நட்டாற்றில் விட மனமின்றித் தானே திரும்ப வாங்கிக்கொண்டார். மோனிஷா 2000ஆம் ஆண்டிலிருந்தே அங்கே சட்டப் பிரிவைப் பார்த்தவர். 2010இல் தலைமை நிர்வாகியானார். 2012இல் நிறுவனத்தின் மூன்றில் ஒரு பங்கு அவர் பெயருக்கு மாறியது. தலைமைப் பொறுப்பு வந்தது அதற்குப் பிறகுதான். சொந்தப் பிள்ளைக்குக்கூட இத்தனை நிதானமாகப் படி ஏற்றிவிடுபவர்கள் குறைவு.

கைக்கு வராதது பணம். பெரிய கார் நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. அந்த ஆண்டில் மூன்று முறை மேடை ஏறிய செர்ஜியோ பெரெஸ் மெக்லாரனுக்குப் போனார், கோபயாஷிக்கும் இடம் இல்லாமல் போனது. 2013இல் ரஷ்யாவிலிருந்து முதலீடு வருகிறது என்ற அறிவிப்பு வந்தது, முதலீடு வரவில்லை. 2014இல் ஒரு புள்ளிகூட இல்லை. 2015 மெல்போர்னில் இன்னும் தலைகுனிவு. இருக்கை இரண்டு, ஒப்பந்தம் வைத்திருந்த ஓட்டுநர்கள் அதைவிட அதிகம். விடுபட்ட கீடோ வான் டெர் கார்டே நீதிமன்றம் போய் ஜெயித்துவிட, முதல் பயிற்சி ஓட்டத்தில் சாபர் கார்கள் வெளியே வரவே இல்லை. 2016இல் லாங்போ ஃபைனான்ஸ் அணியை வாங்கியது. அடுத்த ஆண்டு ஜூனில் மோனிஷா வெளியேறினார்.

வில்லியம்ஸ் அணியின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. 1977இல் பேட்ரிக் ஹெட்டுடன் சேர்ந்து அதைத் தொடங்கியவர் ஃபிராங்க் வில்லியம்ஸ். 1986இல் பிரான்சில் நடந்த கார் விபத்து அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தது. அதிலிருந்தபடியே அணியை மேலும் பல பட்டங்களுக்கு இட்டுச்சென்றவர். அணிகளுக்கான உலகப் பட்டங்கள் மட்டும் மொத்தம் ஒன்பது. 2012இல் இயக்குநர் குழுவிலிருந்து விலகினார். 2013இல் மகள் கிளேர் துணைத் தலைவர் ஆனார். அந்தத் ‘துணை’தான் கவனிக்க வேண்டியது. அன்றாடம் அணியை நடத்தியவர் மகள், தலைவர் என்ற பட்டம் மட்டும் கடைசி வரை அப்பாவிடமே இருந்தது. 2014, 2015 இரண்டிலும் மூன்றாம் இடம் பிடித்த அணி, 2018இலும் 2019இலும் கடைசிக்குப் போனது. 2019இல் சோதனை ஓட்டம் தொடங்கிய பிறகும் கார் தயாராகவில்லை. 2020 ஆகஸ்ட்டில் டோரில்டன் கேபிட்டல் வாங்கியது, செப்டம்பரில் மான்சா பந்தயத்தோடு குடும்பம் விடைபெற்றது. கிளேரின் தவறுகளை மட்டும் பட்டியலிடுவோர், பழைய இயந்திரங்களோடும் மெலிந்த பணப்பெட்டியோடும் அவர் மாரடித்ததைச் சேர்த்துச் சொல்வதில்லை. புதிய முதலாளிகள் பணம் கொட்டிய பிறகு, 2025இல் அதே அணி ஐந்தாம் இடத்துக்கு ஏறியது.

சங்கரன்கோவிலில் உட்கார்ந்துகொண்டு ஹின்வில்லையும் மான்சாவையும் ஏன் பேச வேண்டும்? விசைத்தறி ஓடும் தெருக்களில் இதே கணக்கு வேறு அளவில் நடப்பதால்தான். மகன் தறிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறான் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். நூல் எங்கே வாங்குவது, எந்த வியாபாரிக்குக் கடன் கொடுப்பது, காசோலையில் யார் கையெழுத்து என்பதெல்லாம் இன்னும் அவரிடம்தான். சரக்கு தேங்கினால் பழி மகனுக்கு. கல்லாவையும் தந்துவிட்டேன் என்பவர்களிலும் சிலர், தறி பழசாகி, பாக்கி ஏறி, இனி தன்னால் ஆகாது என்ற பிறகே தருகிறார்கள். ஓய்வு பெறும் வயதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். எந்த நிலையில் தொழிலைக் கைமாற்றுகிறோம் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

வாரிசே வேண்டாம், விற்றுவிட்டுப் போவோம் என்பதும் ஒரு வழிதான். எடி ஜோர்டான் 2005 தொடக்கத்தில் அப்படிச் செய்தார். அந்த ஆண்டுதான் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் பார்முலா 1க்குள் நுழைந்தார். அதே அணி மிட்லேண்ட், ஸ்பைக்கர் என்று கைமாறி, விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியாவாகி, 2018இல் திவால் நடவடிக்கைக்குள் போய், இன்று ஆஸ்டன் மார்ட்டினாக ஓடுகிறது. முதலாளிகள் வந்தார்கள், போனார்கள். சில்வர்ஸ்டோன் பட்டறை மட்டும் வேலையை நிறுத்தவில்லை.

அந்தப் பட்டறை விஷயத்தில் தமிழ்நாட்டுக்குச் சொந்த உதாரணமே உண்டு. கோவையின் எஸ். கரிவரதன் ஆலைக் குடும்பத்துப் பிள்ளை, பந்தய ஓட்டுநர். வெளிநாட்டுக் கார் வாங்கும் வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்காக இருந்த பந்தயத்தை அவர் வேறு விதமாகப் பார்த்தார். மாருதி 800இன் எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் குறைந்த செலவில் உள்ளூரிலேயே கட்டினார். பார்முலா மாருதி என்று பெயர். எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி, அதனால் பணத்தைவிட ஓட்டும் திறமைக்கு மதிப்பு. ஸ்ரீபெரும்புதூர் ஓடுதளத்தில் நரேன் முதலில் ஓட்டியது அந்த வகைக் காரைத்தான்.

1995இல் விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். நாற்பதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். ஓய்வு அறிவிப்பு, வாரிசு ஏற்பாடு எதற்கும் நேரமில்லை. ஆனாலும் அந்தக் கார்கள் ஓடின. கருண் சந்தோக் 2000இல் பார்முலா மாருதியில்தான் பட்டம் வென்று மேலே போனார். கரிவரதனுடன் பந்தயம் ஓட்டிய பி. விஜயகுமார் செட்டிபாளையத்தில் ஓடுதளம் கட்டினார், அது கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. இத்தனைக்கும் காரணம், வேலை ஒரு மனிதரின் தலைக்குள் மட்டும் இருக்கவில்லை. இன்னொரு மெக்கானிக் பிரித்து மாட்டக்கூடிய காராக அது இருந்தது.

இப்போது தமிழ்நாட்டில் எல்லோரும் பேசும் பந்தய அணி நடிகர் அஜித்குமாருடையது. 2024இல் தொடங்கி, 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. நிறுவனரே ஓட்டுநர், அவரே விளம்பரம், அவர் முகத்துக்காகத்தான் கூட்டம். அவர் 1971இல் பிறந்தவர். என்றைக்கு ஹெல்மெட்டைக் கழற்றுவார் என்று கேட்பது ரசிகர்களுக்குப் பிடிக்காது. ஆனால் அணி நன்றாக ஓடும் இந்தக் காலம்தான் அதைக் கேட்க ஏற்ற காலம். அவர் ஓட்டாத பந்தயத்துக்கும் விளம்பரதாரர் வருவாரா, அவர் ஊரில் இல்லாத நாளில் செலவுக்கு யார் கையெழுத்துப் போடுவார், இங்கிருந்து எத்தனை இளைஞர்கள் அந்தப் பட்டறையில் ஸ்பேனர் பிடிக்கப் பழகுகிறார்கள்? அடுத்த சீசனுக்கான டயர் பட்டியலைப் போடும் மேசையிலேயே இந்த மூன்றுக்கும் பதிலை எழுதி வைத்துவிடலாம்.