மருந்து அடிக்கும் முன் எண்ணிப் பாருங்கள்



உங்களிடம் அரை ஹெக்டேர் நெல் வயல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் காலையில் போய்ப் பார்க்கிறீர்கள். பயிரின் அடித்தண்டில், தண்ணீருக்குச் சற்று மேலே, பழுப்பு நிறத்தில் சின்னஞ்சிறு பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வீட்டில் பூச்சிக்கொல்லி தயாராக இருக்கிறது. அடிப்பீர்களா, மாட்டீர்களா?

இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டால் பெரும்பாலான கைகள் "அடிக்கலாம்" என்றுதான் உயரும். "பூச்சி இருந்தால் அடிக்க வேண்டியதுதானே, ஆசிரியர்?" என்று பதில் வரும். இந்தோனேசியாவின் நெல் கிராமங்களும் ஒரு காலத்தில் இதே பதிலைத்தான் சொல்லின. அந்தப் பதிலுக்கு அவை கொடுத்த விலை பெரியது. அதன் பிறகு அங்குள்ள விவசாயிகள் கற்றுக்கொண்ட முறை, நம் அறிவியல் வகுப்பறைகளுக்கும் வர வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தக் கிராமத்தைப் பார்ப்போம். இந்தோனேசியாவின் நிலப்பரப்பில் ஜாவா தீவின் பங்கு சுமார் 7 விழுக்காடுதான். ஆனால், நாட்டு மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அங்கேதான் வாழ்கிறார்கள். இத்தனை பேருக்குச் சோறு போடும் வளத்தை அந்த மண்ணுக்குத் தந்ததில் மெராப்பி போன்ற எரிமலைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அவை கக்கிய சாம்பல் காலப்போக்கில் சிதைந்து, தாதுச் சத்து நிறைந்த மண்ணாக மாறியிருக்கிறது.

மத்திய ஜாவா கிராமங்களில் வீடுகள் நெருங்கி நிற்கும். வீட்டைச் சுற்றி 'பெக்காராங்கான்' எனப்படும் தோட்டம் இருக்கும். உயரத்தில் தென்னை, அதற்குக் கீழே பலாவும் வாழையும், அதற்கும் கீழே மரவள்ளியும் மிளகாயும், தரையோடு தரையாக மஞ்சளும் இஞ்சியும் வளரும். மழைக்காட்டைப் போலவே அடுக்கடுக்கான அமைப்பு. வீடுகளைத் தாண்டினால் 'சாவா' எனப்படும் நெல் வயல்கள். ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து, ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு இறங்கும். வாய்க்கால் உடைந்தால் ஊரே கூடிச் சரிசெய்யும். அதற்குப் பெயர் 'கோத்தோங் ரோயோங்'. நமக்கும் தெரிந்த சொல்தான். அறுவடை முடிந்ததும் வாத்துக் கூட்டங்கள் வயலில் இறங்கி, சிந்திய நெல்லையும் நத்தைகளையும் தின்னும்.

படம் எடுத்து மாட்டினால் அழகாக இருக்கும். ஆனால், அறிவியல் படிக்கும் நீங்கள் அந்த அழகுக்குப் பின்னால் ஓர் உணவு வலையைப் பார்க்க வேண்டும். சேற்றில் மட்கும் வைக்கோலை நுண்ணுயிர்கள் உண்கின்றன. அவற்றைக் கொசுவைப் போன்ற சிறு ஈக்களின் புழுக்கள் உண்கின்றன. அந்த ஈக்களைச் சிலந்தி பிடிக்கிறது. தவளை, தும்பி, பொறிவண்டு ஆகியவற்றுக்கும் இந்த வலையில் இடம் உண்டு.

1970களில் இந்தோனேசியா உலகிலேயே மிக அதிகமாக அரிசி இறக்குமதி செய்த நாடாக இருந்தது. அந்த நிலையை மாற்ற, அரசு புதிய குட்டை ரக நெல், இரசாயன உரம், பூச்சிக்கொல்லி மூன்றையும் ஒரே திட்டமாகக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றது. பூச்சிக்கொல்லி விலையின் பெரும்பகுதியை அரசே ஏற்றது. விளைச்சல் உயர்ந்தது. 1984இல் அரிசியில் தன்னிறைவு அடைந்துவிட்டதாக நாடு அறிவித்தது. இதைக் குறை சொல்ல முடியாது. பசி என்பது விளையாட்டல்ல.

ஆனால், மருந்து மலிவாகக் கிடைத்ததால், பூச்சி இருக்கிறதா என்று பார்க்காமலே, நாள் கணக்குப் பார்த்து அடிக்கும் பழக்கம் வந்துவிட்டது. அப்போதுதான் அந்தப் பழுப்பு நிறப் பூச்சி பெருகியது. இந்தோனேசியர்கள் அதை 'வெரெங் சொக்லாட்' என்பார்கள். மலேசியாவில் 'பெனா பேராங்'. தமிழில் புகையான். நீளம் 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான். தண்டில் ஊசிபோன்ற வாயைக் குத்திச் சாற்றை உறிஞ்சும். கூட்டம் பெருகினால் பயிர் வட்ட வட்டமாகக் காய்ந்து, தீயில் கருகியதுபோல் ஆகிவிடும். போதாதென்று நச்சுயிரி நோய்களையும் அது பரப்பும். 1970களின் பிற்பகுதியில் ஒரு முறையும் 1980களின் நடுவில் மறுமுறையும் இந்தப் பூச்சி பெரும் பரப்பிலான நெல்லை அழித்தது.

விவசாயிகள் என்ன செய்தார்கள்? இன்னும் அதிகமாக மருந்து அடித்தார்கள். பூச்சி இன்னும் அதிகமாக வந்தது!

இது எப்படி? ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு பெண் புகையான் 200 முட்டை இடுவதாக வைத்துக்கொள்வோம். சிலந்தியும் மற்ற எதிரிகளும் தின்றது போக, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டும் பிழைத்தால் பூச்சியின் எண்ணிக்கை கூடாது, குறையாது. அந்த 200இல் 20 பிழைத்தால்? பாதி பெண் என்றால் 10 பெண் பூச்சிகள். அடுத்த தலைமுறையில் 100. அதற்கடுத்து 1,000. ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம்தான். ஒரே நெற்பருவத்துக்குள் ஒன்று ஆயிரமாகிவிடும்.

அந்த 200ஐ இரண்டாகக் குறைத்துக்கொண்டிருந்தவை யார்? ஓநாய்ச் சிலந்தி ஒரு நாளில் 5 முதல் 15 பூச்சிகள் வரை பிடிக்கும். புகையானின் முட்டையைத் தேடி உறிஞ்சும் ஒரு சிறிய பச்சை நாவாய்ப்பூச்சியும் வயலில் உண்டு. மருந்து அடித்தபோது இந்தக் காவல்காரர்கள் முதலில் செத்தார்கள். புகையானின் முட்டைகளோ நெல் தண்டின் உறைக்குள் பத்திரமாக இருந்தன. அவை பொரித்து வெளியே வந்தபோது வயலில் எதிரியே இல்லை. பூச்சியைக் கொல்ல வாங்கிய மருந்து பூச்சிக்குக் காவலாகிவிட்டது. பீட்டர் கென்மோர் என்ற பூச்சியியலாளர் பிலிப்பைன்ஸ் நாட்டில் செய்த ஆய்வும் இதையே காட்டியது. மருந்து அடித்த வயலில்தான் புகையான் பெருகியது.

1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ ஓர் ஆணை பிறப்பித்தார். 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தக் கூடாது என்றது அந்த ஆணை. 1989க்குள் பூச்சிக்கொல்லி மானியமும் நின்றது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் நெல்லுக்கு அடித்த மருந்தின் அளவு பாதிக்கும் கீழே போனது. நெல் விளைச்சலோ குறையவில்லை.

ஆணை ஒன்றே போதாது என்பதால் 1989இல் இன்னொரு வேலையும் தொடங்கியது. அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதன் பெயர் 'செக்கோலா லாப்பாங்கான்', அதாவது வயல்வெளிப் பள்ளி. கட்டடம் கிடையாது. கரும்பலகை கிடையாது. ஒரு கிராமத்தில் சுமார் 25 விவசாயிகள், வாரம் ஒரு காலை, ஒரு நெற்பருவம் முழுவதும் வயலில் கூடுவார்கள். சிறு குழுக்களாகப் பிரிந்து, பயிரைக் குத்துக் குத்தாகப் பார்த்து எண்ணுவார்கள். தீமை செய்யும் பூச்சி எத்தனை, அதைத் தின்னும் பூச்சி எத்தனை, இலை எப்படி இருக்கிறது, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, வெயிலா மழையா?

பிறகு மரத்தடியில் உட்கார்ந்து பெரிய தாளில் வரைவார்கள். நடுவில் நெற்பயிர், ஒரு பக்கம் பகைப்பூச்சிகள், மறுபக்கம் நண்பர்கள். ஒவ்வொரு குழுவும் தன் படத்தைக் காட்டி, இந்த வாரம் என்ன செய்யலாம் என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். "இது என்ன பூச்சி?" என்று யாராவது கேட்டால் பயிற்றுநர் உடனே பெயரைச் சொல்லமாட்டார். "எங்கே பார்த்தீர்கள்? என்ன செய்துகொண்டிருந்தது?" என்று திருப்பிக் கேட்பார். சந்தேகம் வந்தால் பூச்சியையும் சிலந்தியையும் ஒரே வலைக்கூண்டில் விட்டு, எது எதைத் தின்கிறது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இரண்டு வயல்களை வெவ்வேறு முறையில் வளர்த்து விளைச்சலை ஒப்பிடுவார்கள்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு எதுவும் நினைவுக்கு வருகிறதா? உற்று நோக்குதல், தரவு சேகரித்தல், கருதுகோள், பரிசோதனை, முடிவு. நீங்கள் பயிற்சிப் புத்தகத்தில் எழுதும் அத்தனையும் அங்கே இருக்கின்றன. அவர்களில் பலர் இடைநிலைப்பள்ளியின் வாசலைக்கூட மிதிக்காதவர்கள். 1990களின் இறுதிக்குள் ஏறக்குறைய ஒரு மில்லியன் விவசாயிகள் இந்தப் பள்ளியில் படித்துவிட்டார்கள்.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். நாம் அறிவியலைப் பதில்களாகப் படிக்கிறோம். இரையும் அதைக் கொன்றுண்ணும் உயிரும் எப்படி ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றன என்று எழுதச் சொன்னால் முழு மதிப்பெண் வாங்குகிறோம். அதே மாலையில் சன்னல் ஓரத்தில் ஒரு சிலந்தியைக் கண்டால் முதலில் துடைப்பத்தைத் தேடுகிறோம். படித்த பாடம் கைக்கு வரவில்லை. ஜாவா விவசாயிக்கு அது கைக்கு வந்தது. அவர் விளக்கத்தை மனப்பாடம் செய்யவில்லை. வாரம் தவறாமல் எண்ணினார். தமிழில் 'எண்ணுதல்' என்றால் கணக்கிடுவதும் உண்டு, சிந்திப்பதும் உண்டு. அந்த விவசாயி இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தார்.

"அப்படியானால் பூச்சிக்கொல்லியே கூடாதா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. வயல்வெளிப் பள்ளியும் அப்படிச் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்தபின், நண்பர்களால் சமாளிக்க முடியாத அளவுக்குப் பகைப்பூச்சி இருந்தால் மருந்து தேவைப்படலாம். காய்ச்சலா என்று பார்க்காமலே மாத்திரை விழுங்குவோமா? எதை முதலில் செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

கிராமத்து வாழ்க்கை இனிமையோ இனிமை என்றும் நான் சொல்லவில்லை. ஜாவாவின் பெரும்பாலான நெல் விவசாயிகளுக்கு அரை ஹெக்டேர் நிலம்கூட இல்லை. இளையோர் வேலை தேடி நகரங்களுக்குப் போய்விடுகிறார்கள். நிலம் அவ்வளவு சிறியது என்பதால்தான் தவறான முடிவு அங்கே அதிகம் வலிக்கிறது. தேர்வில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். அங்கே ஒரு பருவத்துச் சோறு போய்விடும்.

கற்ற பாடம் தானாக நிலைத்துவிடாது என்பதையும் ஜாவா காட்டியிருக்கிறது. 1990களின் இறுதியில் அந்தப் பெரிய பயிற்சித் திட்டம் முடிந்தது. கடைகளில் பூச்சிக்கொல்லி வகைகள் பெருகின. பழைய பழக்கம் திரும்பியது. 2010, 2011ஆம் ஆண்டுகளில் ஜாவாவில் புகையான் மீண்டும் பெரிய அளவில் தாக்கியது. ஒரு தலைமுறை கற்றதை அடுத்த தலைமுறை புத்தகத்தில் மட்டும் வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும்.

இது நமக்குத் தூரத்துக் கதை அல்ல. கெடாவிலும் சிகிஞ்சானிலும் உள்ள நெல் வயல்களுக்கும் இதே பூச்சி வரும். நம் செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்த ஆந்தைகளுக்குப் பெட்டிக்கூடு வைத்திருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் இருப்பதும் இதே அறிவியல்தான்.

ஆகவே உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். பள்ளித் தோட்டத்திலோ வீட்டுக்குப் பின்னாலோ ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள இடத்தைக் கயிற்றால் அளந்துகொள்ளுங்கள். வாரம் ஒரு முறை, அதே நேரத்தில், நான்கு வாரம் பாருங்கள். இலையைத் தின்பவை, பூச்சியைத் தின்பவை, இரண்டும் இல்லாதவை என்று மூன்று பத்திகளில் எண்ணிக்கையை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் படம் வரையுங்கள். முடி உள்ள புழுக்களைத் தொடாதீர்கள். மழை பெய்ததா என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர் ஒரு பூச்சியைக் கொண்டுவந்து "இது என்ன?" என்று கேட்டால், பெயரைச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். எங்கே பார்த்தாய், அது என்ன செய்துகொண்டிருந்தது என்று கேளுங்கள்.

நான்கு வாரம் கழித்து உங்கள் ஒரு மீட்டர் நிலத்தில் வெட்டுக்கிளி எத்தனை, சிலந்தி எத்தனை என்று உங்களால் சொல்ல முடியும். மருந்து வேண்டுமா, வேண்டாமா என்ற பேச்சை அப்போது தொடங்கலாம்.