பேட்டரியைக் கொல்வது கோடை; பழியோ மழைக்கு!



நடுத்தரக் குடும்பங்களிலும் இன்று கார் ஓர் ஆடம்பரப் பொருளன்று. திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ நள்ளிரவில் வீட்டுப் பெரியவருக்கு மூச்சுத் திணறினால், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ விரைந்தாக வேண்டும். அந்த வேளையில் சாவியைத் திருப்பியதும் 'டிக், டிக்' என்னும் ஓசை மட்டும் எழுந்தால், பத்து இலட்சம் ரூபாய் வண்டியும் வாசலில் கிடக்கும் இரும்புப் பெட்டியே. அதற்குப் பெரும்பாலும் காரணம், நாம் அதிகம் எண்ணிப் பாராத ஒரு பொருள்: பேட்டரி.

"நேற்றுவரை நன்றாக ஓடியது. மழை பெய்தது, காலையில் செல்ஃப் எடுக்கவில்லை" என்று பலர் கூறக் கேட்டிருப்பீர்கள். மழைதான் பேட்டரியைக் கெடுத்தது என்று அவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். உண்மை வேறு. சித்திரை, வைகாசி வெயிலே அதன் உயிரைக் குடித்துவிடுகிறது. குளிர்ந்த காலையில் எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் வலு தேவைப்படும்போதுதான் அந்த நோய் வெளியே தெரிகிறது. இவ்வுண்மையை உணர்ந்துகொண்டால், எந்தப் பேட்டரியை வாங்குவது, எப்போது சோதிப்பது என்பன தாமே விளங்கிவிடும்.

வெயில் செய்யும் வேலை

ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் சேர்ந்த இந்தப் பேட்டரியைப் பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளான்டே 1859-இல் கண்டுபிடித்தார். 1912-இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் கைப்பிடியால் சுழற்றாமல் மின்சாரத்தால் கிளம்பும் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் பேட்டரியில்லாத கார் இல்லையென்றாயிற்று. உள்ளே ஆறு செல்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட். ஆறும் சேர்ந்து, முழுதாகச் சார்ஜ் ஆன நிலையில் 12.6 வோல்ட் காட்டும்.

வேதிவினைகள் வெப்பத்தில் விரைவடையும். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் பேட்டரியின் உள்ளே நடைபெறும் தேய்மானத்தின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. விழுப்புரத்தில் வெளியே 40 டிகிரி காயும் நாளில், ஓடிவந்து நின்ற வண்டியின் பானெட்டுக்குள் வெப்பம் அதனினும் மிக அதிகம். அமிலத்திலுள்ள நீர் குறைகிறது. தகடுகளைத் தாங்கும் ஈயச் சட்டம் அரிக்கப்படுகிறது. வண்டி சும்மா நின்றாலும் சார்ஜ் விரைவாக இறங்குகிறது. நீர் குறைந்து தகட்டின் மேற்பகுதி வெளியே தெரிந்துவிட்டால் அப்பகுதி மீண்டும் உயிர்பெறாது.

குழியும் குலுக்கலும்

இரண்டாவது பகை, சாலை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை நான்கு வழிச் சாலையாகி நெடுநாளாயிற்று. எனினும் நம் வாழ்க்கை அச்சாலையோடு முடிவதில்லை. வானூர்ப் பக்கத்துக் கல்குவாரிகளுக்குச் செல்லும் லாரிகள் உழுதுவிட்ட சாலைகள் உண்டு. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிவரும் வண்டிகள் செல்லும் கிராமச் சாலைகள் உண்டு. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை செல்லும் சாலையை அகலப்படுத்தும் பணி பல ஆண்டுகள் இழுபட்டதை அவ்வழியே சென்று வந்தோர் மறந்திருக்கமாட்டார்கள்.

வண்டி குழியில் விழுந்து எழும் ஒவ்வொரு தடவையும் தகடுகளில் பூசப்பட்ட ஈயப்பூச்சு சிறிது சிறிதாக உதிர்கிறது. உதிர்ந்த தூள் அடியில் தங்கி, தகடுகளுக்கு இடையே பாலமாகிவிட்டால் அந்தச் செல் செத்துவிடும். ஆறில் ஒன்று செத்தால் பேட்டரியே பயனற்றதாகும். வெயிலில் அரித்துப்போன தகடு இக்குலுக்கலை இன்னும் குறைவாகவே தாங்கும். வெயிலும் குழியும் ஒன்றுக்கொன்று துணைபோகும் பகைவர்கள்!

கடையில் என்ன கேட்பது?

முதலாவது, அளவு. கார் நிறுவனம் தந்த கையேட்டில் ஆம்பியர்-மணி, பெட்டியின் நீள அகலம், முனைகள் எந்தப் பக்கம் என்பன குறிக்கப்பட்டிருக்கும். "கொஞ்சம் பெரியதாகப் போட்டால் நல்லது" என்னும் பேச்சுக்கு மயங்கவேண்டாம். பெட்டி இருக்கையில் சரியாக அமராவிட்டால் கிளாம்ப் பிடிக்காது. பிடிக்காத பேட்டரி நம் சாலைகளில் குலுங்கியே மடியும். கயிற்றாலோ, சைக்கிள் டியூபாலோ கட்டிவைப்பது கூடவே கூடாது. பேட்டரியைக் கையால் அசைத்தால் அசையாமல் இருக்கவேண்டும்.

இரண்டாவது, 'சி.சி.ஏ.' என்று பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண். பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரிக் குளிரில் எஞ்சினைச் சுழற்றும் ஆற்றலை அது குறிக்கிறது. பனி உறையும் நாட்டினருக்கு அது உயிர்நாடி. நமக்கோ, கார் நிறுவனம் குறிப்பிட்ட அளவு இருந்தாலே போதுமானது. ஒரே அளவுப் பெட்டியில் அந்த எண்ணைக் கூட்டவேண்டுமானால், பொதுவாக மெல்லிய தகடுகளை அதிக எண்ணிக்கையில் அடுக்கவேண்டியிருக்கும். மெல்லிய தகட்டை வெப்பம் விரைவில் அரிக்கும். ஆகவே எண் பெரியது என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கவேண்டாம். வெப்பத்துக்கும் அதிர்வுக்கும் ஏற்றதாகத் தயாரிக்கப்பட்ட வகை எது என்று கேளுங்கள்.

மூன்றாவது, தயாரிப்புத் தேதி. இதுவே தலையாயது. எக்ஸைடு நிறுவனத்துக்கு ஓசூரிலும், அமர ராஜா நிறுவனத்துக்குத் திருப்பதியை அடுத்த கரகம்பாடியிலும் ஆலைகள் உள்ளன. ஆலை அருகில் இருப்பதனால் மட்டும் கடையிலுள்ள சரக்கு புதியதென்று பொருளாகாது. பெட்டியில் பொறித்திருக்கும் குறியீட்டைக் கடைக்காரரையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்குள் தயாரானது சிறப்பு. ஆறு மாதம் கடந்ததைத் தவிர்க்கலாம். மீட்டர் வைத்துப் பார்க்கவும் சொல்லுங்கள். 12.4 வோல்ட்டுக்குக் கீழிருந்தால் வேறொன்றைக் கேளுங்கள்.

நான்காவது, உத்தரவாதம். "60 மாதம்" என்று சொன்னதும் மகிழ்ந்துவிடாதீர்கள். அதில் முதற்பகுதியில் மட்டும் இலவசமாக மாற்றித் தருவார்கள். பிற்பகுதியில் ஒரு தள்ளுபடி மட்டுமே கிடைக்கும். இரண்டும் எத்தனை எத்தனை மாதம் என்று தனித்தனியே கேட்டு, முத்திரையிட்ட அட்டையையும் பில்லையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். காரை வாடகைக்கும் விடுவோர் அதனை மறைக்காமல் கூறிவிடவேண்டும். வாடகை வண்டிக்கு உத்தரவாதக் காலம் பெரும்பாலும் வேறுபடும்.

ஐந்தாவது, வகை. சிக்னலில் தானாக நின்று தானாகக் கிளம்பும் 'ஸ்டார்ட்-ஸ்டாப்' வசதியுள்ள காருக்கு, அதில் முதலில் வந்த வகைப் பேட்டரியையே போடவேண்டும். விலை குறைவென்று சாதாரணப் பேட்டரியைப் பொருத்தினால் அது நெடுநாள் தாங்காது.

இன்னுமொன்று: சில கார்களில் பேட்டரியைச் சுற்றி வெப்பம் தாக்காதிருக்க ஓர் உறை இருக்கும். பழையதைக் கழற்றும்போது அவ்வுறையையும் தூக்கியெறிந்துவிடுவது பட்டறைகளில் நடப்பதுண்டு. அதனைத் திரும்பப் பொருத்தச் சொல்லுங்கள்.

குற்றம் பேட்டரியின்மீதா?

புதியது வாங்குமுன், பழையது உண்மையாகவே செத்ததா என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டவேண்டும். குறைந்தால் ஆல்டர்னேட்டரையோ பெல்ட்டையோ கவனிக்கவேண்டும். மிகுந்தால் பேட்டரி வெந்துவிடும். புதிய கார்கள் சிலவற்றில் கணினிக் கட்டுப்பாட்டினால் இவ்வெண் மாறக்கூடும். அவற்றை நிறுவனப் பட்டறையில் சோதிப்பது நலம். இதைச் செய்யாமல் புதிய பேட்டரியை மாட்டினால், பழையது போன வழியே அதுவும் போகும்.

நின்றுகிடக்கும் கார்

நம் இல்லங்கள் பலவற்றுக்கு உரிய தனிப் பிரச்சினை இது. மகனோ கணவரோ வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வரும்போது கார் வாங்குகிறார். இரண்டு மாதம் ஓட்டுகிறார்; திரும்பிச் செல்கிறார். வண்டி வாசலில் நிற்கிறது. அடுத்த விடுமுறையில் வந்து பார்த்தால் பேட்டரி பாறையாகிக் கிடக்கிறது! கடிகாரமும் அலாரமும் சிறிது சிறிதாக மின்சாரத்தை உறிஞ்சுகின்றன. வெப்பம் மீதியை இறக்குகிறது. சார்ஜ் இறங்கிய நிலையில் நாள்பட நின்றால் தகடுகளில் உப்புப் படிகம் இறுகி, மீண்டும் சார்ஜை ஏற்காது.

இதற்குத் தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது மருந்தன்று. கிளப்புவதற்குச் செலவான மின்சாரம்கூட அதற்குள் முழுதாகத் திரும்பாது. வாரம் ஒருமுறை அரைமணி நேரமாவது சாலையில் ஓட்டவேண்டும். ஓட்டுவதற்கு ஆளில்லையெனில், எதிர்முனையைக் கழற்றிவைத்து, மாதம் ஒருமுறை சார்ஜரில் போடலாம். கழற்றுவதற்கு முன் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரிமோட் வேலை செய்யாதாகையால் கதவைத் திறக்கும் சாவி கையில் இருக்கட்டும். வீட்டுப் பெண்களும் இவற்றைக் கற்றுக்கொள்வது நலம். வண்டி தேவைப்படும் இரவில் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தாமே!

பராமரிப்பும் பாதுகாப்பும்

நீர் ஊற்றும் வகையாயின் கோடையில் மாதம் ஒருமுறை அளவைப் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றவேண்டும். கிணற்று நீரோ, குடிநீர்க் கேன் நீரோ, ஆசிட்டோ ஊற்றலாகாது. முனைகளில் வெண்பச்சைப் பொடி பூத்தால், முனைகளைக் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து, வாசலைன் தடவுங்கள். கழற்றும்போது எதிர்முனை முதலில். மாட்டும்போது எதிர்முனை கடைசியில். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அருகில் தீக்குச்சியும் பீடியும் வேண்டாம். அமிலம் கண்ணில் தெறித்தால் நிறைய நீரால் விடாமல் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

பழையதை என்ன செய்வது?

பேட்டரியின் எடையில் பாதிக்குமேல் ஈயம். அதனை வீட்டுப் பின்கட்டில் உடைத்து உருக்கும் இடங்களில் மண்ணும் காற்றும் நஞ்சாகின்றன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஒருமுறை கெட்டது பின்னர் முழுதாகச் சீராவதில்லை. பழைய பேட்டரியை விற்பனையாளரிடம் திருப்பித் தரவேண்டுமென 2001-ஆம் ஆண்டின் விதிகள் கூறின. அவற்றுக்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டின் விதிகளும் அதனை வீட்டுக் குப்பையோடு சேர்க்கலாகாது என்கின்றன. தெருவில் வரும் பழைய இரும்புக்காரர் நூறு ரூபாய் கூடத் தருகிறார் என்பதற்காக அவரிடம் கொடுத்தால், அந்த நூறு ரூபாயின் விலையை எங்கோ ஒரு பிள்ளை கொடுக்கும். புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து, பில்லில் கழித்துக்கொள்ளுங்கள்.

எப்போது சோதிப்பது?

ஆண்டுக்கு இருமுறை போதும். பங்குனியில் ஒருமுறை, கோடைக்கு முன். ஐப்பசி பிறக்குமுன் ஒருமுறை, கோடை செய்த சேதத்தை அறிய. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை பெருக்கெடுத்து, நெடுஞ்சாலையிலேயே போக்குவரத்து நின்றது. அத்தகைய நாளில் பேட்டரிக் கடையையும் மெக்கானிக்கையும் தேடி அலைய முடியாது. மூன்று ஆண்டுகளைக் கடந்த பேட்டரியாயின், ஐப்பசிச் சோதனையில் தளர்ச்சி தெரிந்தவுடன் மாற்றிவிடுங்கள். இன்னும் இரண்டு மாதம் ஓட்டிப் பார்க்கலாம் என்று மிச்சம்பிடிக்கும் பணம், நோயாளியோடு வாசலில் நிற்கும் ஓர் இரவுக்கு ஈடாகாது.