கையொப்பமும் ஒரு சாட்சியே



பட்டணத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு, பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ உள்ள பூர்வீக மண்ணில் வீடு கட்ட ஜெபிக்கிறீர்களா? அஸ்திவாரத்திற்கு முன்னே அனுமதி வேண்டும். பாறசாலையில் கிராமப் பஞ்சாயத்தும், நெய்யாற்றின்கரையில் நகரசபையும் அதை அளிக்கின்றன. கே-ஸ்மார்ட் இணையதளம் 2024 ஜனவரி முதல் நகரசபைகளிலும், 2025 ஏப்ரல் முதல் பஞ்சாயத்துகளிலும் நடைமுறையில் இருப்பதால், தூரத்திலிருந்தே விண்ணப்பிக்கலாம்.

300 சதுர மீட்டருக்கு மேற்படாத, இரண்டு நிலைகளுக்கு உட்பட்ட வீடானால், பிற நிபந்தனைகளும் பொருந்தும்போது, உரிமையாளரும் உரிமம் பெற்ற பொறியாளரும் தாங்களே அளிக்கும் சான்றின்பேரில் அனுமதி கிடைக்கும். அரசு உங்கள் வார்த்தையை நம்புகிறது. சோதனையும் அங்கேதான் இருக்கிறது.

கரம் செலுத்திய ரசீதை வாசியுங்கள். அதில் ‘நிலம்’ என்றிருந்தால், நாம் பொதுவாகச் சொல்லும் நிலமன்று, நெல்வயல். ‘புரையிடம்’ என்பதே மேட்டுமனை. வயலை மனையென்று காட்டச் சிலர் ஆலோசனை கூறுவர். செவிகொடாதிருங்கள். வேறு இடமில்லாத குடும்பம் வீடு கட்ட, பஞ்சாயத்தில் 10 சென்ட், நகரசபையில் 5 சென்ட் வரை அனுமதி கேட்க 2008ஆம் ஆண்டின் நெல்வயல் பாதுகாப்புச் சட்டமே வழி வைத்திருக்கிறது. தாமதமானாலும் அதுவே நேர்வழி.

ஆணையிடாமலே நம்பத்தக்க வாய் நமக்கு வேண்டுமென்று ஆண்டவர் போதித்தார் (மத்தேயு 5:37). விண்ணப்பத்தில் பொய்யெழுதிக் கட்டிய வீட்டில் எந்த முகத்தோடு பிரதிஷ்டை ஜெபம் ஏறெடுப்போம்? கர்த்தர் தாமே உங்கள் கைகளின் கிரியையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.